ஆணி இல்லாத வீடு

தங்கவயல் சுரங்கத்தில் மேலிருக்கும் பாறை இறங்காமல் கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்துவது என் வேலை. ஒருநாள் நானே நிறுத்திய கட்டை முறிந்தது. உயிர் தப்பினேன். ஆனால் அன்றிலிருந்து எந்தக் கூரைக்குக் கீழே நின்றாலும் நெஞ்சு படபடக்கும். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. சுரங்கத்துக்காரனுக்குக் கூரை பயம் என்றால் ஊர் சிரிக்காதா?

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் வந்து, மர்பி டவுனில் வாடகைக்கு இருந்தோம். பெண்டாட்டியின் அண்ணன் பழைய வீடுகளை இடிக்கும் மேஸ்திரி. தங்கைக்காக என்னையும் ஆள்களோடு சேர்த்துக்கொண்டார். கயிறு இழுப்பது, செங்கல் அடுக்குவது என்று நாலைந்து வீடுகளை உள்ளே போகாமலே ஓட்டிவிட்டேன்.

பிறகு வைட்ஃபீல்டில் அந்த வீடு. வெள்ளைக்காரர் ஒருவர் தம் ஊர் முறைப்படி கட்டிக்கொண்டதாம். மரச்சட்டங்களுக்கு நடுவே செங்கல் நிரப்பிய சுவர்கள், மேலே மாடி. சுவர் போனால் கூரை தானாக வரும் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த வித்தை. கீழ்ச்சுவர்களைத் தட்டிவிட்டுக் கயிறு கட்டி இழுத்தோம். கயிறு அறுந்து பத்துப் பேரும் மல்லாந்து விழுந்தோமே தவிர, வீடு ஓர் அங்குலம் அசையவில்லை. சுவரே இல்லாமல் மாடியையும் கூரையையும் தூக்கிக்கொண்டு நின்றது.

மச்சான் என்னைக் கூப்பிட்டார். "மரக்கட்ட வேல தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான் மாப்ள. உள்ள போயி எது தாங்குதுன்னு பாரு. முடியாதுன்னா இந்த வேல உனக்கு ஒத்துவராது, ஊருக்கே போயிடு."

போனேன். சுரங்கத்தில் பாரம் தாளாத கட்டை முனகும். முனகினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். தூணில் காதை வைத்தேன். சத்தமே இல்லை. அடுத்த தூணிலும் இல்லை. அதன்பிறகுதான் தலையைத் தூக்கினேன். உத்தரத்தின் முனை தூணின் துளைக்குள் கச்சிதமாக இறங்கியிருந்தது. இரண்டையும் துளைத்து ஒரு மர முளை. மூலைக்கு மூலை வளைந்த தாங்குகட்டைகள். தேடித் தேடிப் பார்த்தேன், இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு மரத்திலும் ஒரே மாதிரி உளிக்கீறல். இங்கே மூன்று கோடு என்றால் அங்கேயும் மூன்று. எது எதோடு சேரும் என்று தரையிலேயே குறித்துவிட்டு மேலே ஏற்றியிருக்கிறான் இதைக் கட்டிய மகராசன். அடேயப்பா என்று வாய் பிளந்து நின்றேன். நான் நிறுத்திய கட்டைகள் எல்லாம் விழப்போவதைக் கொஞ்சநாள் தள்ளிப்போட்டவை. இதற்கு விழும் எண்ணமே இல்லை. நெஞ்சு படபடக்கவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

"இது இடிக்கிற வீடு இல்ல மச்சான், கழட்டுற வீடு" என்றேன்.

எட்டு நாள் முளை முளையாகத் தட்டிக் கழற்றினோம். உள்ளே நின்றவன் நான்தான். மரமெல்லாம் லாரியில் ஏறியதும், இனி எல்லா இடத்துக்கும் நீ வா என்றார் மச்சான். சந்தோஷமாகத்தான் வீட்டுக்குத் திரும்பினேன். ஆனால் வாசலிலேயே கால் நின்றுவிட்டது. எங்கள் கூரையை எது தாங்குகிறது என்று எனக்குத் தெரியாது.

ஏன் வெளியிலேயே நிற்கிறீர்கள் என்று பெண்டாட்டி உள்ளேயிருந்து கேட்டாள்.

"பயமா இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வெளியே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.