சிங்கப்பூரிலிருந்து இரண்டரை மணித்தியாலம்

சிங்கப்பூரிலிருந்து பாங்கொக் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு கிலோமீற்றர். விமானத்தில் இரண்டரை மணித்தியாலம் கூட இல்லை. முப்பது வருடம் புவியியல் படிப்பித்த எனக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் பாங்கொக்கில் அகதி விண்ணப்பத்தோடு ஒன்பது வருடமாகக் காத்திருக்கும் என் தம்பியிடம், "அது எனக்குத் தூரமடா" என்றுதான் சொல்லிவந்தேன்.

அந்த ஒன்பது வருடத்தில் சிட்னியிலிருந்து நான்கு தடவை கொழும்புக்குப் போனேன். நான்கு தடவையும் சிங்கப்பூரில் விமானம் மாறினேன். மெல்பேர்ண் பக்கம், பேசின் பிள்ளையார் கோவில் திருவிழாவுக்கு வருடாவருடம் ஒன்பது மணித்தியாலம் கார் ஓடினேன். அது தூரமாகத் தெரியவில்லை.

தம்பியிடம் கடவுச்சீட்டு இல்லை. அவனால் எங்கும் நகர முடியாது. நான்தான் போக வேண்டும். ஒருமுறை போனில் கேட்டான்:

"அண்ணை, மகள் போட்ட படங்கள் பாத்தனான். ரெண்டு நாள் சிங்கப்பூரில நிண்டிருக்கிறியள். இஞ்சால ஒருக்கா எட்டிப் பாத்திருக்கலாமே?"

"அண்ணிக்குக் கால் நோவடா."

"கால் நோவோடயோ அவ்வளவு கடையும் ஏறி இறங்கினவ?"

சிரித்தான். நானும் சிரித்தேன்.

நேரில் கண்டால், "அண்ணை, எனக்கு ஸ்பொன்சர் செய்யுங்கோ" என்று கேட்பான் என்று பயந்தேன். உண்மை அவ்வளவுதான். போனில் கேட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடலாம். எதிரே இருந்து கேட்டால்? இத்தனைக்கும் நானே மகள் கூப்பிட்டு அவுஸ்திரேலியா வந்தவன்.

போன வருடம் மனைவி பாங்கொக்குக்கு டிக்கெட்டை எடுத்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள். சிட்னி வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் தமிழ்க் கடையில் இரண்டு கிலோ கறித்தூள் வாங்கிப் பெட்டியில் வைத்தாள்.

தம்பியின் அறைக்குள் நாங்கள் நுழைந்ததும், பக்கத்து அறைத் தமிழ்ப் பெண் ஓடிவந்தாள்.

"அங்கிள், ஹார்ட் ஒப்பரேசன் செய்தது இப்ப சுகமோ? பிளேனில ஏறவே கூடாதெண்டு டொக்டர் சொன்னவராமே. இல்லாட்டி அண்ணை எப்பவோ வந்திருப்பாரெண்டு இவர் எந்த நாளும் சொல்லுறவர்."

எனக்கு எந்த ஒப்பரேசனும் நடந்ததில்லை. தம்பி என்னைப் பார்க்காமல் கதிரையை இழுத்துப் போட்டான்.

"இருங்கோ அண்ணை."

"ஓம் பிள்ளை, இப்ப பரவாயில்லை" என்றேன் அவளிடம். மனைவி பெட்டியைத் திறக்கக் குனிந்தவள் நிமிரவேயில்லை.

மூன்று நாள் நின்றோம். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி நாள் நானே கேட்டேன்.

"உன்ர பேப்பர் எல்லாத்திலயும் ஒரு கொப்பி தா. நான் ஸ்பொன்சருக்குப் போடுறன்."

"உண்மையாவோ?" என்றான். பிறகு, "கரைச்சலெண்டால் விடுங்கோ அண்ணை" என்றான்.

அந்தப் படிவம் இப்போது என் மேசையில் இருக்கிறது. அவன் இந்த நாட்டுக்கு வருவானா, அதைக் காண நான் இருப்பேனா, தெரியாது. விண்ணப்பதாரரை நேரில் சந்தித்த விபரங்களை எழுதுமாறு அதில் ஆறு வரி விட்டிருக்கிறார்கள். ஒரு வரியைத்தான் என்னால் நிரப்ப முடிந்தது.