அத்தை சிரித்ததைச் சொன்னேன்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, அப்பாவின் தங்கையான என் அத்தை, கல்யாணமாகி இரண்டு வருஷத்தில், ஒரு துணிப்பையோடும் ஒரு லேப்டாப்போடும் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் அது. நகை, பட்டுப்புடவை எல்லாவற்றையும் திருப்புட்குழியில் புகுந்த வீட்டிலேயே விட்டுவிட்டு இதை மட்டும் ஏன் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று அம்மாவுக்கு ஆச்சரியம். எனக்கு ஆச்சரியமே இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்து வந்திருப்பேன்.

அதில் ஒரு கேம் இருந்தது. கல்லூரித் தோழி ஒருத்தி பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தது. அந்த நாளில் பெட்டிக்கடைகளில் பூத மிருகங்களின் படம் போட்ட அட்டைகள் பாக்கெட்டில் விற்கும். எங்கள் வகுப்பே அதற்குப் பைத்தியமாகத் திரிந்தது. அதே மிருகங்கள் இந்த கேமில் திரைக்குள் உறுமிக்கொண்டு நின்றன. ஆளுக்கு நாற்பது அட்டை. எதை முன்னால் நிறுத்துவது, எதைக் கவிழ்த்து வைத்துக் காத்திருப்பது, எதைப் பலிகொடுத்துப் பெரியதை வரவழைப்பது என்று யோசித்து, முறை வைத்து ஆட வேண்டும். எதிராளியின் உயிர்ப்புள்ளி தீர்ந்துபோனால் ஜெயித்தோம்.

இருவரும் ஒரே லேப்டாப்பில் ஆடினோம். அதனால் ஒருத்தி ஆடும்போது இன்னொருத்தி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தம். அத்தை நிஜமாகவே மூடிக்கொள்வாள். நான் விரலிடுக்கில் பார்ப்பேன். பார்த்தும் தோற்றேன். கைக்குப் பறக்கும் நாகம் வந்துவிட்டால் எனக்குப் பொறுக்காது, உடனே பாய விடுவேன். அத்தை பாயவே மாட்டாள். சின்னச் சின்ன அட்டைகளை வரிசையாகத் தடுப்புக்கு நிறுத்திவிட்டு அடி வாங்கிக்கொண்டே இருப்பாள். என்னிடம் அடிக்க ஒன்றுமில்லாத நேரம் பார்த்து ஒரே முறையில் கதையை முடித்துவிடுவாள். பிறகு சிரிப்பாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், மாடிப்படி வரைக்கும் கேட்கிற சிரிப்பு.

வந்த புதிதில், மௌஸை நகர்த்தும்போது அவளுடைய நைட்டியின் கை மேலேறும். முழங்கைக்கு மேலே பச்சையும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. என்ன என்று கேட்டேன்.

"கதவுல இடிச்சுக்கினேன் பாப்பா. உன் முறை, ஆடு."

ஆடினேன். கொஞ்ச நாளில் அந்தக் கன்றல் மறைந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் கணவரும் மாமியாரும் பேசி முடிக்க வந்தார்கள். அப்பா புடவைக் கடையில் விற்பனையாளர். முகூர்த்த மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் அவர் லீவு போட்டிருந்ததைப் பார்த்தே ஏதோ பெரிய விஷயம் என்று தெரிந்துகொண்டேன். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அத்தை மட்டும் சமையலறை வாசற்படியில் நின்றாள். அம்மாதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"ரெண்டு மாசமா ஒரு வாய் சோறு ஒழுங்கா தின்னல. அழுதுக்கினேதான் இருக்குது. உங்க புள்ள கிட்ட அடி வாங்கறதுக்கா கட்டிக் குடுத்தோம்?"

அடி உண்மை. அழுகையை அம்மா கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள். இந்த மாதிரி இடத்தில் அப்படித்தான் பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

மாமியார் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தலையைத் தடவினாள்.

"அத்தை வூட்ல என்னாமா பண்ணுது?"

அன்று காலையிலும் நான் தோற்றிருந்தேன். அந்த எரிச்சல் அப்படியே இருந்தது.

"கேம் ஆடும். என்னைத் தெனமும் ஜெயிச்சுடும். ஜெயிச்சுட்டு சிரிச்சுக்கினே இருக்கும்" என்றேன். கேட்க ஒரு பெரிய மனுஷி கிடைத்தாளே என்று புகாராகத்தான் சொன்னேன்.

மாமியார் அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"கேட்டுக்கினீங்களா? புருஷன வுட்டுட்டு வந்தவ கேம் ஆடி சிரிச்சுக்கினு இருக்கறா. இதுல அடியாம், அழுகையாம்."

அப்பா அத்தையை நிமிர்ந்து பார்த்தார். "சிரிச்சியாமா?"

"சிரிச்சேண்ணா."

மாமியார் இனிமேல் தன் பிள்ளை கைநீட்ட மாட்டான் என்றாள். பிள்ளை தலையை ஆட்டினார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "கெளம்புமா" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே ஆட்டோ வந்தது. லேப்டாப் வரக்கூடாது என்பது மாமியாரின் நிபந்தனை. அத்தை அதை என் மடியில் வைத்து, "உன் முறையிலதான் நிக்குது, ஆடிக்கோ" என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. பாதியில் நின்ற ஆட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் நானே ஆடினேன். அவள் பக்கத்தின் தடுப்புகளை நானே எடுத்துவிட்டு, நாகத்தைப் பாயவிட்டு ஜெயித்தேன். சமையலறைக்கு ஓடி, "அம்மா, அத்தையை ஜெயிச்சுட்டேன்" என்று கத்தினேன். அம்மா திரும்பவில்லை. குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

எட்டு மாதம் கழித்து அப்பாவே போய் அத்தையை அழைத்துவந்தார். புருவத்தில் தையல். இடது காது அன்றிலிருந்து சரியாகக் கேட்பதில்லை. அதற்குப் பிறகு யார் பேச வந்தாலும் அப்பா வாசலிலேயே நிறுத்திவிட்டார். விவாகரத்து கிடைக்கும்வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு கோர்ட்டுக்குப் போனார். இப்போது அவள் பேருந்து நிலையத்தின் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள்.

காலேஜில் சேர்ந்த பிறகுதான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. கடையில் ஆளில்லாத நேரத்தில் அவளுடைய வலப்பக்கம் போய் நின்று, "அன்னிக்கு நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா நீ போயிருக்க மாட்ட இல்ல?" என்றேன்.

அத்தை மெஷினிலிருந்து தாளை எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "நீ பொய் சொல்லலியேமா. சிரிச்சேன்தானே? அந்த வூட்ல ரெண்டு வருஷம் ஒரு நாள் சிரிக்கல. இங்க வந்துதான் சிரிச்சேன்."

அவளை எங்கேயும் அனுப்பாமல் வைத்துக்கொள்ள அந்த ஒரு காரணம் போதும் என்று அன்று கூடத்தில் இருந்த பெரியவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தினமும் நான் தோற்றுப்போவது மட்டும்தான் அந்த வயதில் எனக்குத் தெரிந்த துக்கம்.