அரிசி அளந்த பால் டின்

அந்தப் பால் கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர்களுக்கு இன்னொரு ஓசி விளம்பரம் ஆகிவிடும். கடையில் போய்க் கேட்டால்கூட ‘டின் பால்’ என்றுதான் கேட்பேன். பெயரைச் சொன்னால் வாய் புண்ணாகிவிடுமா என்று என் பிள்ளைகள் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

எழுபதுகளின் கடைசியில், பினாங்குத் துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் மளிகைக் கடை இருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் வீட்டுப் பெண்கள். அன்றாடம் வாங்கி அன்றாடம் சமைப்பவர்கள். என் வீட்டுக்காரர் கடையைப் பார்த்துக்கொள்வார். நான் பின்கட்டில் சமையலைப் பார்த்துக்கொண்டே முன்னால் அவரையும் பார்த்துக்கொள்வேன்.

பழைய நிறுவையெல்லாம் போய்க் கிலோ வந்துகொண்டிருந்த சமயம் அது. புது எடைக்கல்லை அந்தப் பெண்கள் யாரும் நம்பவில்லை. “மூணு டின் அரிசி குடுங்கண்ணே” என்றுதான் கேட்பார்கள். டின் என்றால் காலியான பால் டின், காப்பியில் ஊற்றுகிற கெட்டியான சீனிப் பால் வருமே, அது. பால் தீர்ந்ததும் மேல்மூடியை வெட்டி எடுத்து, கழுவிக் காயவைத்தால் அளவு டின் தயார். எல்லார் வீட்டு அரிசிப் பானையிலும் வருடக்கணக்காக ஒன்று கிடக்கும், அதில் அளந்துதான் உலையில் போடுவார்கள். எங்கள் கடையிலும் அரிசிச் சாக்கின்மேல் ஒன்று இருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் என் வீட்டுக்காரர் பழையதைக் கழித்துவிட்டுப் புதிதாக ஒரு டின்னை வெட்டி, கையைக் கிழிக்காதபடி விளிம்பைத் தட்டி மடக்கி, சந்தனம் குங்குமம் வைத்துச் சாக்கின்மேல் வைப்பார். எனக்கு வாங்கித் தந்த சேலைக்குக்கூட அவர் அவ்வளவு பதவிசாகப் பொட்டு வைத்ததில்லை.

ஒரு வருடம் அப்படிப் புது டின் வைத்துக் கொஞ்ச நாளிலேயே முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. வழக்கம்போலத்தான் உலை வைக்கிறோம், சோறு பற்றவில்லை என்றார்கள். அவர் அரிசியைத்தான் சந்தேகப்பட்டார். மொத்தக் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் போய்ச் சண்டை போட்டு வேறு அரிசி எடுத்து வந்தார். அதற்கும் அதே பேச்சுதான்.

கடைசியில் ஒருநாள் காலை, எங்களிடம் வெகு காலமாக வாங்குகிற ஒரு பெண் தன் வீட்டு டின்னைக் கையோடு கொண்டு வந்தாள். பிள்ளைகள் நிறைய உள்ளவள், வாய் அதிகம் பேசாதவள். என் வீட்டுக்காரர் ஒரு டின் தலை தட்டி அளந்த அரிசியை வாங்கித் தன் டின்னில் கொட்டினாள். அரிசி விளிம்புக்குக் கீழேயே நின்றுவிட்டது. கடையில் இருந்த மற்றப் பெண்களுக்கும் அதைக் காட்டினாள்.

“என்னண்ணே இது?” என்றாள்.

நான் ஓடிவந்து இரண்டு டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே நிறம், அதே படம், அதே பெயர், அதே விலை. ஆனால் புது டின் ஒரு நகத்தளவு குட்டை. கான்வென்ட்டில் கொஞ்சம் படித்தவள் என்பதால் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எறும்பு எறும்பாய் அச்சடித்திருந்த எடையும் குறைந்திருந்தது. கம்பெனி சத்தமில்லாமல் டின்னைச் சின்னதாக்கிவிட்டு, பழைய விலைக்கே விற்றுக்கொண்டிருந்தது.

இதை நான் கத்திச் சொன்னேன். டின் குட்டை என்பதை யாரும் மறுக்கவில்லை, அவர்களுக்கும் கண் இருந்தது. ஆனால் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கம்பெனிக்காரன் அவன் பாலுக்கு எந்த டின்னையும் போடுவான், அந்தச் சின்ன டின்னைப் பார்த்து எடுத்து எங்கள் அரிசியை அளக்கச் சொன்னது யார் என்றாள் ஒருத்தி. விற்கிற கடைக்காரருக்குச் சொல்லாமலா கம்பெனி மாற்றும் என்றாள் இன்னொருத்தி. நியாயமான கேள்வி, அதுதான் என்னைக் கொன்றது. அவருடைய பெயர் அந்தச் சந்தில் அதுவரை சுத்தமாக இருந்தது. அதைத் தவிர எங்களிடம் வேறு சொத்தும் கிடையாது.

பதில் சொல்லக்கூடிய ஆள் ஒருவன் இருந்தான். அந்தக் கம்பெனியின் சேல்ஸ்மேன். புதன்கிழமை தோறும் வேனில் பால் கொண்டு வருவான். எஸ்டேட்டில் பிறந்து, பினாங்கில் சொந்தக்காரர் யாரும் இல்லாமல் கிடந்தவன். புதன்கிழமை பசியாறுவது எங்கள் வீட்டில்தான். நாங்கள்தான் அவனுக்குப் பெண் பார்க்கப் போனோம், தாலி கட்டும்போது பெற்றவர்கள் இடத்தில் நின்றோம். என்னை ‘அக்கா’ என்று அவன் கூப்பிடுகிற விதத்தில், கூடப் பிறந்தவர்கள்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. புதன்கிழமை வாருங்கள், அவன் வாயாலேயே கேளுங்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்லிவிட்டேன். அவனைப் பற்றி எனக்கு அத்தனை தைரியம்.

சொன்னபடி வந்தார்கள். அவனும் வந்தான், வேனிலிருந்து இறங்கும்போதே தோசையா இட்லியா என்று கேட்டுக்கொண்டு. நான் அவனை உள்ளே விடாமல் வாசலிலேயே நிறுத்தினேன்.

“தம்பி, ஒரே ஒரு வார்த்த சொல்லு. டின்ன கொறச்சத கடைக்காரங்களுக்கு கம்பெனி சொல்லலன்னு சொல்லு. அது போதும்.”

அவன் அந்தப் பெண்களைப் பார்த்தான். பிறகு கம்பெனிப் பெயர் எழுதியிருந்த தன் வேனைப் பார்த்தான்.

“டின்லயே எழுதியிருக்கு லா அக்கா” என்றான். “நான் அதப்பத்தி ஒண்ணும் பேச முடியாது.”

அதைக் கேட்டதும் அவர்கள் போய்விட்டார்கள். இனி என்ன கேட்க இருக்கிறது? அவர்கள் போனபின் அடுக்களையில் உட்கார்ந்துகொண்டு அவன் எல்லாவற்றையும் சொன்னான். தீபாவளிக்கு முன்பே சேல்ஸ்மேன்களையெல்லாம் ஒரு ஓட்டலுக்கு வரவழைத்து, பிரியாணி போட்டு, விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களாக வாயைத் திறக்காதீர்கள், யாராவது கேட்டால் லேபிளைக் காட்டுங்கள், மீறினால் வேலை இருக்காது. அப்படியானால் பொங்கலன்று சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வந்தபோதே இவனுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் அந்தக் குட்டை டின்னுக்குக் குங்குமம் வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன். ‘அண்ணே, இது வேணாம், பழசே இருக்கட்டும்’ என்று அந்த நேரத்தில் காதோடு சொல்லியிருந்தால் கம்பெனி குடியா முழுகிப்போயிருக்கும்? அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்துவிட்டேன். பெண்டாட்டி பிள்ளை உள்ளவன், வேலைக்குப் பயப்படுகிறான், விடு என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கு மனசு பெரிசு. எனக்கு இல்லை.

மறுநாளே பீச் ஸ்திரீட் பக்கத்தில் இருந்த கம்பெனி ஆபீசுக்குப் போனேன். மேலதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர், டை கட்டியிருந்தார். நம்மவர் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உட்காரச் சொல்லி, தேநீர் வரவழைத்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டார். சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறது என்றார். சீனி விலை ஏறிவிட்டது, தகர விலை ஏறிவிட்டது, கம்பெனிக்கும் லாபம் வேண்டும் அல்லவா என்றார்.

“விலையைக் கூட்டியிருந்தா உங்கட சனம்தானே கஷ்டப்பட்டிருக்கும். அதுக்காகத்தான் விலையில கை வைக்கேல்லை. பால் டின் பாலுக்குத்தான், தங்கச்சி. அதால அரிசி அளக்கச் சொல்லி நாங்கள் சொல்லேல்லையே.”

“விலைய ஏத்தியிருந்தா ஒங்களத் திட்டியிருப்போம் சார்” என்றேன். “இப்ப எங்க வீட்டுக்காரரத் திட்டுறாங்க.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ஏதாவது செய்யலாம், பார்க்கிறேன் என்று சொல்லி, வாசல்வரை வந்து மரியாதையாக வழியனுப்பி வைத்தார்.

கடையில் கூட்டம் குறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பழைய டின் ஒன்றைத் தேடிப்பிடித்து அதில் அளந்தார். போதாததற்கு, வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு கை அரிசியை அள்ளி அதிகமாகப் போட்டார். வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. நான் பயந்ததுதான் நடந்தது. தின்றதைக் கக்குகிறார் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பாலையாவது இனி விற்காதீர்கள் என்றேன். வருகிறவர்கள் அதைத்தானே கேட்கிறார்கள் என்றார். கேட்டார்கள்தான். ஒருவர்கூட அதை வாங்குவதை நிறுத்தவில்லை. சந்து முழுக்கக் காலையில் அதே பாலில்தான் காப்பி கலந்தார்கள்.

சில மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அந்தச் சேல்ஸ்மேன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். கையில் ஒரு பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் கப்புகள், வெள்ளை வெளேரென்று, பக்கவாட்டில் கம்பெனியின் படத்தோடு. சரியாகப் பழைய டின் அளவு. பால் வாங்குகிற வீடுகளுக்கு ஓசி, கடைக்காரர்களுக்கும் ஒன்று. அக்கா ஆபீசில் போய்ப் பேசியது வீண்போகவில்லை, மேலே உள்ளவர்கள் யோசித்து இதைச் செய்திருக்கிறார்கள் என்றான். எங்களுக்கு ஏதோ பெரிய உதவி செய்துவிட்டதைப் போல ஒரு கப்பைக் கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். பால் டின் மட்டும் அதே குட்டைதான். கப்புக்காகவே அந்த மாதம் வீட்டுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பால் வாங்கினார்கள்.

விட்டுப் போன பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வர ஆரம்பித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அன்று தன் டின்னைக் கொண்டுவந்த அந்தப் பெண்ணும் ஒருநாள் வந்தாள். பகையாகப் பேசவில்லை, சிரித்த முகமாகவே மூன்று டின் அரிசி கேட்டாள். என் வீட்டுக்காரருக்குக் கண்ணெல்லாம் மின்னியது. குனிந்து தன் டின்னைக் கையில் எடுத்தார்.

“அது வேணாண்ணே” என்றாள். “கம்பெனி கப்புல அளங்க. பாவம், நல்ல மனுசங்க. கடைக்காரங்க ஏமாத்துறாங்கன்னுதான இத குடுத்திருக்காங்க.”

அவர் டின்னைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கப்பை எடுத்தார். மூன்று தடவையும் தலை தட்டி, அவளுக்குக் காட்டி அளந்து போட்டார்.