ஒற்றை வெள்ளிக் கால்

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் என்னோடு விளக்குப் போடும் பெண்களுக்காக இதைச் சொல்கிறேன். என் வேண்டுதல் பலித்தது. ஆனால் பலித்த விதத்தை இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை.

போன ஐப்பசி மழையில் என் வீட்டுக்காரருக்கு நிமோனியா வந்தது. அறுபதைத் தாண்டியவர். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்து, ஆயுசு முழுக்க நின்றுகொண்டே உழைத்த மனுஷன். அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சுத் திணறலுக்கு ஸ்டீராய்டு, நெஞ்சுக் கிருமிக்கு லீவோஃப்ளாக்சசின் என்ற மருந்து. காய்ச்சல் தணிந்தது. ஆனால் இரண்டு குதிகாலும் வலிக்க ஆரம்பித்தன. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பார்.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தால் மட்டும் முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கறனுங்க. ஒரு தொந்தரவும் இல்லைங்க."

நான் வாயைத் திறந்தால், "அவ கெடக்கறாளுங்க, நீங்க போங்க" என்று கும்பிடு போடுவார். அந்தம்மாவும் போய்விடுவார். போனதும் இவர் என்னிடம் எரிந்து விழுவார்.

"நெஞ்சுக்கு வைத்தியம் பாக்கறவங்ககிட்டப் போயி குதிகால் வலிக்குதுன்னா என்ன நெனைப்பாங்க? மருவாதி வேண்டாமா புள்ள?"

எங்கள் பக்கத்து மரியாதை இது. உயிர் போனாலும் "இல்லைங்க" என்றுதான் போகும்!

கோயில் இருந்த திசையைப் பார்த்து அழுதேன். "ஆத்தா, இந்த மனுஷன் வாயைத் திறக்க வை. வேறொன்றும் கேட்கவில்லை" என்றேன்.

திறக்க வைத்தாள். மறுநாள் காலை பாத்ரூமுக்குப் போக எழுந்து இடது காலை ஊன்றினார். கயிறு அறுந்தது போல 'டப்' என்று ஒரு சத்தம். வார்டே திரும்பிப் பார்க்க, "ஐயோ ஆத்தா, என் காலு!" என்று கத்தினார். குதிகால் தசைநார் அறுந்துபோயிருந்தது.

டாக்டரம்மா ஓடி வந்தார். "இந்தக் கிருமி மருந்துல வயசானவங்களுக்கு இப்படி ஆகலாம்மா. ஸ்டீராய்டும் சேர்ந்தா இன்னும் ஆபத்து. முன்னாடியே வலிச்சிருக்குமே, அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"குதிகால் வலிக்குதான்னு ஒரு நாளாவது கேட்டீங்களாங்க?" என்றேன். எனக்கு மரியாதை தீர்ந்துபோயிருந்தது.

டாக்டரம்மா குனிந்து வலது குதிகாலை அழுத்தினார். அதிலும் வலி. உடனே அந்த மருந்தை நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்றினார். காலை ஊன்றவே கூடாது என்று நர்ஸிடம் கண்டிப்பாகச் சொன்னார். நெஞ்சு குணமானது. வலது கால் பிழைத்தது. இடது காலுக்கு ஆபரேஷன் செய்தும் பழைய பலம் வரவில்லை. லேத் முன்னால் இப்போது வேறொருவர் நிற்கிறார். இவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறார்.

இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் வலித்தால் வலிக்கிறது என்கிறார். அந்த மட்டுக்கும் ஆத்தாளுக்குக் கோடி கும்பிடு. நீங்களும் அவளை நம்பிக் கேளுங்கள், காது கொடுப்பாள். ஆனால் டாக்டரிடம் சொல்ல வேண்டியதை முதலில் டாக்டரிடம் சொல்லிப்போடுங்கள். எந்த மருந்து ஏறுகிறது, அதில் என்ன வலி வந்தால் சொல்ல வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஆத்தாளுக்கு நேர்த்திக்கடனாகப் போட, வெள்ளியில் செய்த கால் உருவம் வாங்கப் போனேன். "ஜோடியா வாங்கிப் போடுங்க அம்மணி, அதானுங்க மொறை" என்றார் கடைக்காரர்.

"ஒண்ணு போதுங்க" என்றேன்.

வலது காலை மட்டும் உண்டியலில் போட்டேன்.