தம்ளரில் பட்ட உதடு

என் மகளுக்கு ஆறு வயதில் டான்சில் ஆபரேஷன் நடந்தது. அறுபதுகளின் தொடக்கம். திருச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து, மூன்றாம் நாள் காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள் ஜட்கா பதினொரு இடத்தில் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு முறையும் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் வண்டிக்காரரைக் கடிந்துகொண்டேன்.

டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். அரை மாத்திரையைப் பொடித்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். வலிக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அத்துடன் ஆறின பாலும் தண்ணீரும் நிறைய உள்ளே போக வேண்டும். "நாளைக் காலைக்குள்ள குடிக்கலைன்னா அழைச்சிட்டு வந்துடுங்க. ஊசி வழியா குளுக்கோஸ் ஏத்தணும்."

ஊசி என்றதும் மகள் என் வேட்டியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். நானும் அவள் அளவுக்கே பயந்தேன்.

வீட்டில் முதல் வாய் மருந்துக்கே அலறித் துப்பிவிட்டாள். பிறகு பால், இளநீர், கஞ்சித் தெளிவு. மத்தியானத்துக்குள் ஒன்பது முறை முயன்றோம். உள்ளே போனது நான்கு மிடறு. காலண்டர் தாளின் பின்புறம் குறித்துவைத்தேன்.

"எழுதினா வலி போயிடுமா? வந்து தலையைப் பிடிங்க" என்றாள் மனைவி.

தலையைப் பிடித்து நிமிர்த்தினேன். எங்கள் வீட்டில் தம்ளரில் உதடு படக் கூடாது. அண்ணாந்து, தூக்கித்தான் குடிக்க வேண்டும். அவளுக்கு மூன்று வயதிலேயே நான்தான் பழக்கினேன். சொட்டுச் சிந்தாமல் குடிப்பதை வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றும் மேலிருந்துதான் ஊற்றினோம்.

மூன்று மணிக்குப் பத்தாவது முயற்சி. பால் சரியாக ஆறிவிட்டதா என்ற பதற்றத்தில், என்னை அறியாமல் தம்ளரை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டேன்.

"ஐயே, அப்பா எச்சில்!"

வீடு வந்தபின் அவள் பேசிய முதல் பேச்சு. மனைவி சிரித்தாள். சட்டென்று நிறுத்தி, தம்ளரைப் பார்த்தாள்.

"ஏன்டி கண்ணு, மேலேருந்து ஊத்துறப்ப தொண்டையில போய் அடிக்குதா?"

மகள் தலையாட்டினாள்.

"கேட்டீங்களா? புண்ணு மேல அருவி மாதிரி கொட்டியிருக்கோம். வாய் வச்சுக் குடிடி."

"அப்பா திட்டுவாங்க."

"அவரே வச்சுட்டாரு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திட்டுவாரு?"

நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். வேறு தம்ளரில் பால் வந்தது. மகள் என்மேல் ஒரு கண் வைத்தபடி உதட்டைப் பதித்தாள். சிறிதாக உறிஞ்சினாள். முகம் சுருங்கியது, அலறவில்லை. மறுபடி உறிஞ்சினாள். இருபத்தாறு மிடறு! நடுவில் மருந்தும் இறங்கிவிட்டது.

அரை மணி கழித்து வலி தணிந்ததும் குறும்பு வந்தது. தண்ணீர்ச் செம்பில் வாய் வைத்தாள். என் காப்பி டபராவில் வைத்தாள்.

"குடத்துகிட்ட மட்டும் போயிடாதடி, உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்று மனைவி அவள் பின்னால் ஓடினாள். விளக்கு வைப்பதற்குள் ஐந்து பாத்திரம் எச்சில். அத்தனையையும் நான்தான் சிரித்துக்கொண்டே தேய்த்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மகள் பாதி குடித்த பாலை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களும் வாய் வச்சுக் குடிங்கப்பா."

இரண்டு மிடறு குடித்தேன்.

"அம்மாவுக்கும் கொஞ்சம் வைங்க" என்றாள்.