என் அப்பா ஒப்படைத்த கோட்டை

என் அப்பா ஒரு கோட்டையை எதிரியிடம் இரண்டு முறை ஒப்படைத்திருக்கிறார். சனிக்கிழமை ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை. இரண்டு முறையும் நான் கூட்டத்தில் நின்று பார்த்தேன்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளிப் பாதி இடிந்த கோட்டை ஒன்று இருந்தது. வெள்ளைக்காரனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்ட காலத்தில் அது பல கை மாறியதாம். எங்களுக்குத் தெரிந்து அதில் ஆடுகள்தான் குடியிருந்தன. பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு வரலாற்றுப் பேராசிரியர், அந்தப் பழைய முற்றுகையை அதே இடத்தில் இரண்டு நாள் நடத்திக் காட்டப்போவதாகச் சொன்னார். பீரங்கிக்கு இரும்புக் குழாய் தயாரானது. குதிரைகள் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறவை. சிப்பாய்களுக்கு ஆள் தேடி அவர் எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறைகளுக்கு வந்தார். சூளையில் நிற்கிறவர்கள் வெயிலுக்கு அசரமாட்டார்கள் என்று யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அப்பா நல்ல உயரம். மீசையும் உண்டு. பார்த்த மாத்திரத்தில் பேராசிரியர் அவரைக் கோட்டைத் தலைவர் ஆக்கிவிட்டார்.

"வேற யாரையாவது போடுங்க சார், நான் பின்னால ஈட்டி புடிச்சிக்கினு நிக்கிறேன்" என்று அப்பா சொல்லிப் பார்த்தாராம். பேராசிரியர் விடவில்லை. வீட்டில் நான் குதித்த குதியைப் பார்த்தபின் அப்பாவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா மட்டும் அரிசி களைந்தபடியே, "அந்த வேஷந்தான் கெடச்சுதா உங்களுக்கு?" என்றாள். தலைவர் வேஷத்தில் என்ன குறை கண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் நான் தரையில் நடக்கவில்லை. என் பெஞ்சில் உட்காரும் பெண்ணிடம், அப்பா எத்தனை பேரை வெட்டுவார் என்றுகூடச் சொல்லிவைத்தேன். அவள் தன் வீட்டாரை இழுத்துக்கொண்டு இரண்டு நாளும் வந்தாள்.

சனிக்கிழமை அப்பா தலைப்பாகையும் இடுப்பில் பட்டுத் துண்டுமாக மதில்மேல் நின்றபோது நிஜமாகவே ராஜா மாதிரி இருந்தார். குழாய் வெடித்தது, புகை வந்தது, வெள்ளைக்காரப் படையாக வேஷம் கட்டிய சிவப்புச் சட்டைக்காரர்கள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். அப்பா நிதானமாகப் படி இறங்கினார். தன் கையாலேயே தாழ்ப்பாளை எடுத்துக் கதவைத் திறந்தார். வெளியே வந்து, வாளை இரண்டு உள்ளங்கையிலும் வைத்து, தலையைக் குனிந்து, சிவப்புச் சட்டைக்காரரிடம் நீட்டினார்.

"உங்கப்பா சண்டையே போடலயே?" என்றாள் பெஞ்சுக்காரி.

"நாளைக்குப் போடுவாரு" என்றேன்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அப்பாவைக் கெஞ்சினேன். "கத அப்பிடித்தாம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இரண்டு பங்கு. அதே வெடி, அதே புகை. அப்பா படி இறங்கிக் கதவை நெருங்கியபோது மதில்மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"எப்பவும் நீதானாண்ணே மொதல்ல எறங்கிப் போவ?"

ஈட்டியோடு நின்றிருந்த எதிர்வீட்டு மாமாதான். ஜனங்கள் அதை வசனம் என்று நினைத்து விசிலடித்தார்கள். பேராசிரியரின் முகம் மலர்ந்துவிட்டது. மதில்மேல் நின்ற மற்றவர்கள் மட்டும் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாழ்ப்பாளில் வைத்த கை அப்படியே நிற்க, அப்பா அசையாமல் நின்றார். மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

"தொறக்காதப்பா!" என்று அடித்தொண்டையில் கத்தினேன்.

கூட்டமே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அப்பாவும் திரும்பி என்னைத் தேடினார். பிறகு கதவைத் திறந்தார். நேற்றைவிட அதிகமாகக் குனிந்தார். மைக்கைப் பிடித்துப் பேராசிரியர் அவருக்குக் கைதட்டச் சொன்னபோது நான் கரும்புச்சாறு வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். பெஞ்சுக்காரி போகும்வரை வெளியே வரவில்லை.

எதிர்வீட்டு மாமா அப்பாவோடு ஒரே சூளையில் வேலை பார்த்தவர். இதற்குச் சில மாதம் முன்னால், கூலி உயர்வு கேட்டுப் பட்டறைத் தொழிலாளர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு, பட்டறை வாசலுக்கு வெளியே தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். முதலில் எழுந்து உள்ளே வேலைக்குப் போனவர் அப்பா. அவர் பின்னால் இரண்டு மூன்று பேர், பிறகு எல்லாரும். கேட்ட கூலி கிடைக்கவில்லை. அந்த நாட்களில் நான் விஷக்காய்ச்சலில் கடலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். காய்ச்சலைவிட, அப்பா தினமும் வாங்கிவந்த ஆப்பிள்தான் எனக்கு ஞாபகம். ஊர் திரும்பியதும் எதிர்வீட்டில் யாரும் எங்களோடு பேசாதது விசித்திரமாக இருந்தது. இதையெல்லாம் அம்மா சொல்லி நான் கோத்துப் பார்த்தபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

அன்று பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மீசைக்குத் தீட்டிய மை வியர்வையில் வழிந்து கன்னத்தில் நின்றது. ரொம்ப நேரம் முகத்தைத் தூக்கிவைத்திருந்துவிட்டு, "ஏம்ப்பா தொறந்த?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "உள்ள இருக்கறவங்க தவிச்சிப் போயிருப்பாங்கல்லம்மா. ஒரு வாய்த் தண்ணி இல்லாம."

"பொய் சொல்லாத. உள்ள நீல டிரம்மு நெறயத் தண்ணி இருந்துச்சி. காலைல நானே மொண்டு குடிச்சேன்."

அப்பா திரும்பினார். "குடிச்சியா?"

"குடிச்சேன்."

"வயிறு நெறய?"

"ஆமா."

"அப்ப சரி" என்று என் தலையில் கை வைத்தார். நான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். நான் யார் மகள் என்று பஸ்ஸில் யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே கவலை.