நாற்பது பாகை

அஞ்சலா கண்டி நகரில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் இயன் மருத்துவராக இருக்கிறாள். இறுகிப்போன மூட்டுகளை அசைத்துப் பழக்குவது அவள் வேலை. இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு கையால்தான்.

அது அம்மா பஸ்லினாவின் வலது கை. மடுல்கெல்லவில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் பஸ்லினா. அஞ்சலா பதினொரு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது, பஸ்லினா நேரத்தோடு வீட்டுக்குப் போக அனுமதி கேட்டாள். கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை திருச்செல்வம் மறுத்தார். அவள் எதிர்த்துப் பேசினாள். முதுகுக் கூடைக்குள் கொழுந்து போட உயர்ந்த அவள் கையைப் பிடித்து அவர் பின்னால் முறுக்கினார். தோள் கழன்றது. வழுக்கி விழுந்தாள் என்று அவரே தோட்டத்து டிஸ்பென்சரியில் எழுதவைத்தார். ஆறு மாதமாகியும் கை உயரவில்லை. நடிக்கிறாள் என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார். தோள் கழன்ற நாளிலிருந்து அம்மாவுக்குத் தலை பின்னிவிட்டது அஞ்சலாதான்.

படிக்கும் காலத்தில் விரிவுரையாளர் எலும்புக்கூட்டை வைத்து மூன்று தளங்களைக் காட்டினார். கையை முன்னும் பின்னும் வீசுவது ஒரு தளம். பக்கவாட்டில் தூக்குவது இன்னொன்று. கை எலும்பையே அச்சாக்கிச் சுழற்றுவது மூன்றாவது. தூக்கி வெளிப்பக்கம் சுழற்றிய கையை இன்னும் பின்னால் தள்ளினால், தோள்பந்து குழியைவிட்டு முன்னால் வந்துவிடும் என்றார். மற்றவர்கள் குறிப்பெடுத்தார்கள். அஞ்சலா எழுதவில்லை. அம்மாவுக்கு என்ன செய்தார்கள் என்பது அவளுக்கு அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. அந்த ஆள் ஒருநாள் கையில் அகப்பட வேண்டும் என்று அந்தோனியாரிடம் வேண்டிக்கொண்டாள்.

போன வைகாசியில் அகப்பட்டார். வலது தோள் இறுகிவிட்டது என்று மருத்துவக் காரணம் காட்டி முன்கூட்டியே ஓய்வு பெற விண்ணப்பித்திருந்தார். தோளை அளந்து அறிக்கை தரும்படி தோட்டக் கம்பனியின் டாக்டர் அவரை அனுப்பியிருந்தார். அட்டையில் இருந்த பெயரை அவள் இரண்டு முறை படித்தாள். அவருக்கு அவளைத் தெரியவில்லை.

கையை முன்னால் தூக்கச் சொன்னாள். நாற்பது பாகையில் நிறுத்தி, இதற்கு மேல் போகாது என்று முனகினார். அவள் தூக்கிப் பார்த்தாள். தசையை இறுக்கிக்கொண்டு அலறினார். ஒரே முறுக்கில் அந்தத் தோளைக் கழற்ற அவளால் முடியும். எந்தப் பக்கம் என்றும் தெரியும். தன் கையை விலக்கிக்கொண்டாள்.

முதுகையும் பார்க்க வேண்டும், குனிந்து கால்விரலைத் தொடுங்கள் என்றாள். அவர் குனிந்தார். வலது கை தளர்ந்து நேராகத் தரையை நோக்கித் தொங்கியது. உடம்பு கிடையாக, கை செங்குத்தாக. இறுகிய தோள் அப்படித் தொங்காது. உடம்போடு ஒட்டியே வரும். கோணமானியை வைத்தாள். தொண்ணூறு. தன் மேல் பழி வரக்கூடாது என்று மூத்த மருத்துவர் ஜஹானாவைக் கூப்பிட்டு அளக்கவைத்தாள். அவருக்கும் தொண்ணூறுதான்.

ஜஹானா போனதும் திருச்செல்வம் குரலைத் தாழ்த்தினார். "பாத்து எழுதுங்க மிஸ். ஓய்வுக்கு இன்னும் மூணு வருசம் இருக்கு. அதுவரைக்கும் மலை ஏற முடியாது."

"நான் பஸ்லினாவோட மக."

அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் பூட்டினார். "அது... வழுக்கி விழுந்ததுதானே?"

"இல்ல. எந்தப் பக்கம் முறுக்குனீங்கன்னு எனக்குத் தெரியும்."

அறிக்கையில் நாற்பது, தொண்ணூறு என்ற இரண்டு அளவுகளையும் எழுதிக் கையெழுத்திட்டாள். விண்ணப்பம் தள்ளுபடியானது. அடுத்த மாதமே மழையில் அவர் மலை ஏறுவதாகச் செய்தி வந்தது. அஞ்சலா அன்று இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்லினா கடைசிவரை கேட்டாள்.

"அவனுக்கு வலிச்சுச்சா?"

"இல்லம்மா."

"வலிச்சிருக்கணும்" என்றாள் பஸ்லினா.